கல்லடியிலிருந்து படுவான்கரைக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய்வரலாமா? காரை வீட்டில் விட யோசிக்கிறேன்

கல்லடி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில், படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே. காத்தான்குடி, ஆரையம்பதி, மண்முனைப் பாலம் என்று போனால் ஒரு பக்கம் 20 கிலோமீற்றர் அளவில் வரும். மூன்று வருடமாக எங்கள் சின்னக் காரில்தான் போய்வருகிறேன். காருக்குள் நான் ஒருத்தி மட்டும், பின்சீற்றில் திருத்துகிற கொப்பிகள். என் கணவர் ஏறாவூருக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறார். மாதம் முடிய பெற்றோல் காசைக் கூட்டிப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

ஒரு ஸ்கூட்டி வாங்கினால் காரை அவர் எடுக்கலாம், அல்லது வீட்டில் நிற்கலாம். எனக்கு ஓட்டத் தெரியும், கலியாணத்துக்கு முதல் அண்ணாவின் ஸ்கூட்டியில் ரவுனுக்குள் ஓடியிருக்கிறேன். ஆனால் ரவுனுக்குள் ஓடுவதும் தினமும் 40 கிலோமீற்றர் ஓடுவதும் ஒன்றா என்று தெரியவில்லை. சேலையோடுதான் போக வேண்டும். முதல் வகுப்புப் படிக்கிற மகளை வழியில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், அவளை முன்னால் நிறுத்திக்கொண்டு போகலாமா? மாரிக்கு என்ன செய்வது? அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். உண்மையாக ஓடுகிற ஆட்கள் சொன்னால் நல்லது.

ஆரையம்பதியான்:

ரீச்சர், நான் அதே பாதையில் ஒன்பது வருடம் ஸ்கூட்டியில் ஓடிய ஆள், அதனால் முதலில் கணக்கைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர், மாதம் 22 நாள் என்றால் 880 கிலோமீற்றர். சின்னக் கார் லீற்றருக்கு 14 ஓடினால் 63 லீற்றர் வேண்டும். 110 சிசி ஸ்கூட்டி லீற்றருக்கு 44 ஓடினால் 20 லீற்றர் போதும். பெற்றோல் 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் கிட்டத்தட்ட 12,900 ரூபா மிச்சம். அதில் ஒயில், ரயர், காப்புறுதி என்று கொஞ்சம் போகும், போனாலும் மிச்சம் மிச்சம்தான்.

காசை விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது நேரம். காத்தான்குடிக்குள் காலை ஆறேமுக்காலுக்குப் பிறகு கார் நகருகிற வேகம் உங்களுக்கே தெரியும், பேரீச்சை மரம் நிற்கிற நடுத்திட்டுக்கு ஒரு பக்கம் ஓட்டோ, மறுபக்கம் கடைக்கு இறக்குகிற லொறி, இடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஸ்கூட்டி அதற்குள் மெதுவாகவாவது போய்க்கொண்டே இருக்கும். ஏழரைக்கு முதல் கையெழுத்து வைத்து, பிந்தி வந்தவர்களோடு சிவப்புக் கோட்டுக்குக் கீழே பெயர் வராமல் இருக்க எனக்கு உதவியது அதுதான்.

பாலத்தைத் தாண்டினால் வேறு உலகம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்க முதல் நாங்கள் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றித்தான் வாவியைக் கடந்தோம், படகு அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பாலத்தின் மேல் காற்றைக் கவனியுங்கள். கார்த்திகை, மார்கழியில் பக்கவாட்டாக அடிக்கிற காற்று நூறு கிலோ அளவான ஸ்கூட்டியைத் தள்ளும். அந்த இடத்தில் 40ஐத் தாண்டாமல், கையை இறுக்காமல், றோட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் இடம் வைத்துக்கொண்டு போங்கள்.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று. றோட்டில் பாதியில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். படங்குக்கு வெளியே சிந்திக் கிடக்கிற நெல்தான் ஆபத்து, ரயருக்குக் கீழே மணி மணியாக உருளும். அதில் முன் பிரேக்கைப் பிடித்தால் விழுந்த மாதிரித்தான். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். கடற்கரைப் பக்க மணலுக்கும் இதே விதிதான்.

இரவு வேலைக்காரி:

நான் தாதி. அக்கா, உங்கள் கேள்வியில் மகளை முன்னால் நிறுத்துவது என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து வேண்டாம். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள், அது எனக்குத் தெரியும். சடாரென்று பிரேக் பிடித்தால் பிள்ளையின் முகமும் நெஞ்சும் நேராக ஹேண்டிலில் போய் மோதும், உங்கள் உடம்பின் பாரமும் பின்னாலிருந்து அவள் மேல் விழும். பயத்தில் பிள்ளை ஹேண்டிலைப் பிடித்து அக்சிலேட்டரைத் திருகிவிட்டதையும் கண்டிருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் கால் பின்சீற்றில் இருந்தபடி மிதிபடிக்கு எட்டினால், அவள் உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். எட்டாவிட்டால் எட்டும் வரைக்கும் அவளை அப்பா காரில் இறக்கட்டும். அவளுக்கென்று அளவான ஹெல்மெட் வாங்குங்கள், பெரிய ஆளின் ஹெல்மெட்டைப் போட்டுவிட்டால் விழும்போது அது தலையை விட்டுப் பறந்துவிடும். எஸ்எல்எஸ் என்கிற இலங்கைத் தர முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள், நாடிக்குக் கீழே பட்டியை மாட்டாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

இனி என் கதை. இரண்டு வருடத்துக்கு முதல் இரவு வேலை முடிந்து வரும்போது, மழை விட்ட கையோடு, வளைவில் ஒரு கறுத்த மாடு றோட்டில் படுத்திருந்தது. தார் காய்ந்து சூடாக இருக்கும் என்று மாரியில் மாடுகள் றோட்டுக்கு வந்துவிடும், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது தெரிந்தபோது பத்தடி தூரம்கூட இல்லை. தோள்பட்டை எலும்பு உடைந்தது, ஹெல்மெட்டின் ஒரு பக்கம் முழுவதும் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் என் தலையில் விழுந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்கும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போனேன், ஆனால் இருட்டில் 35க்கு மேல் போவதில்லை. உங்கள் வேலை பகல் வேலை, அது பெரிய ஆறுதல். பின்னேர வகுப்பு, கூட்டம் என்று இருட்டுப்பட்டால் அன்றைக்கு மட்டும் காரைக் கொண்டுபோங்கள். படுவான்கரை உள்ளூர்களில் பொழுதுபட்டால் யானை பற்றியும் யோசிக்க வேண்டுமே.

சேலைக்கு: முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகி இரண்டு இடத்தில் ஊசி குத்துங்கள், அதற்கு மேல் முன்னால் சிப் உள்ள முழுக்கை மேலாடை போடுங்கள். காற்றில் பறக்கிற முந்தானை பின் சில்லுக்குள் போனால் ஆளையே பின்னால் இழுத்துவிடும். அபாயா, துப்பட்டா போட்டு ஓடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கச்சான் காற்றும் தார் சூடும் சேர்ந்து அடிக்கிற நேரம், அந்த மேலாடை வெயிலுக்கும் உதவும். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் புறப்பட வேண்டாம்.

அக்கரைப்பற்றில் இருந்து:

எல்லோரும் வாங்கு வாங்கு என்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். ஸ்கூட்டியை வாங்குங்கள், ஆனால் காரை விற்க வேண்டாம். நான் விற்றேன், அதைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் கதைதான்.

நம் பக்கம் கார்த்திகை தொடங்கி தை வரைக்கும் மழை எப்படி என்று வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது. மழைக்கோட்டு போட்டாலும் முழங்காலுக்குக் கீழே நனைந்த சேலையோடு ஏழரையிலிருந்து ஒன்றரை வரைக்கும் வகுப்பில் நிற்க வேண்டும், கொப்பிகளும் நனையும். அதையாவது தாங்கலாம். றோட்டைக் குறுக்கறுத்து ஓடுகிற வெள்ளத்துக்குள் ஸ்கூட்டியை இறக்குவது வேறு விஷயம். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துப்போனது. உழவு இயந்திரத்துக்கே அந்தக் கதி. தண்ணீர் ஓடுகிறது என்றால் ஆழம் பார்க்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஒரு நாள் லீவு போனால் போகட்டும்.

இன்னொரு விஷயம், பெற்றோல் தட்டுப்பாடு வந்தால் ஸ்கூட்டிதான் கை கொடுக்கும் என்று சொல்வார்கள். 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்த புதிதில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். உங்கள் ஓட்டத்துக்கு 4 லீற்றரில் 176 கிலோமீற்றர்தான், வாரத்துக்கு உங்களுக்கு வேண்டியது 200. காரில் 280 ஓடியிருக்கலாம். லீற்றர் 450 ரூபா விற்ற நேரத்தில் காருக்கு 20 லீற்றரும் அடிக்க எத்தனை பேரிடம் காசு இருந்தது என்பது வேறு கதை. நான் சொல்வது, இரண்டும் கையில் இருக்கிற குடும்பம்தான் அந்த நேரம் சமாளித்தது.

கராஜ் காக்கா, காத்தான்குடி:

ரீச்சர், யாரும் கேட்காத ஒன்றை முதலில் கேட்கிறேன். உங்கள் லைசன்ஸில் மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்கிறதா? கார் லைசன்ஸ் மட்டும் இருந்தால் ஸ்கூட்டி ஓட ஏலாது. 100 சிசிக்கு மேல் என்றால் ஏ வகுப்பு வேண்டும், டியோ மாதிரி 110 சிசி ஸ்கூட்டியும் அதற்குள்தான் வரும். இல்லாமல் ஓடி ஏதும் நடந்தால் காப்புறுதியில் ஒரு சதமும் எதிர்பார்க்க வேண்டாம். முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டியில் கியர் இல்லை, உள்ளே ஒரு பெல்ட்தான் சில்லைச் சுற்றுகிறது. மாதம் 900 கிலோமீற்றர் ஓடுகிற ஆளுக்கு இரண்டு வருடத்தில் அந்தப் பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிடும். பெல்ட் அறுந்தால் எஞ்சின் இரையும், வண்டி நகராது, அது கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் வயல்வெளியில் நடந்தால் தள்ளிக்கொண்டு வர ஆள் இருக்காது. ஒயிலை 2,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றுங்கள். கிறவல் றோட்டில் ஓடினால் காற்று வடி (எயார் பில்டர்) தூசியால் அடைத்துக்கொள்ளும், பெற்றோல் கூடக் குடிக்கத் தொடங்கினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீருக்குள் போய் சைலன்சர் மூழ்கி எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தள்ளிக்கொண்டு கரைக்கு வந்து ஆளைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் பண்ணிப் பண்ணித்தான் எஞ்சினை உடைத்துக்கொண்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும், அதைத் திறந்து காயவைத்தால் சரி.

பழையது வாங்குவதானால் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியை அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். உப்புக்காற்று மேலே பெயின்ற்றைத் தொடாது, கீழே ஸ்டாண்ட், சைலன்சர், சேசிஸ் மூட்டில் இருந்துதான் தின்னும்.

கல்லடி ரீச்சர்:

எல்லோருக்கும் மனதார நன்றி. லைசன்ஸை எடுத்துப் பார்த்தேன், காக்கா சொன்னது சரி, கார் மட்டும்தான் இருக்கிறது. அண்ணாவின் ஸ்கூட்டியில் நான் அப்போது ஓடியதே பிழை என்று இப்போதுதான் விளங்குகிறது. திங்கட்கிழமை அதற்கான வேலையைத் தொடங்குகிறேன், அது வரும் வரைக்கும் றோட்டில் இறங்கமாட்டேன்.

மகளின் கால் மிதிபடிக்கு எட்டவில்லை, இவருடைய தம்பியின் ஸ்கூட்டியில் இருத்திப் பார்த்தோம். அதனால் அவளை இவர் காரில் இறக்கிவிட்டு ஏறாவூர் போவார். தாதித் தங்கச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மாட்டுக் கதையைக் கேட்டுப் பயப்படுவார் என்று நினைத்தேன், கடைசியில் அவர் கேட்டது அந்தப் பிள்ளைக்கு இப்போது தோள் சுகமா என்றுதான். கார் விற்பனைக்கு இல்லை. மாரியில் கடும் மழை நாளில் நான் கார், இவர் பஸ் என்று பேசி முடித்தாயிற்று.

தெரிந்த ஒருவர் நான்கு வருடம் ஓடிய ஸ்கூட்டி ஒன்று கொடுக்கிறாராம், நாவற்குடாவில் நிற்கிறது. காக்கா, சனிக்கிழமை பார்க்கப் போகும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

கராஜ் காக்கா, காத்தான்குடி:

வருகிறோம் என்று முதல் நாளே சொல்லுங்கள், ஆனால் நீங்கள் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றும் சொல்லுங்கள். போனவுடன் கையை எஞ்சின் பக்கம் வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் அமுக்கலிலேயே பிடிக்க வேண்டும், நீலப் புகை வரக்கூடாது. பிறகு உங்கள் கணவரை ஓட விட்டு, 30இல் ஹேண்டிலைத் தளர்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் இழுத்தால் அந்த வண்டி எங்கேயோ விழுந்திருக்கிறது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கமும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் காசு கொடுக்க முதல் என் கராஜுக்கு ஒருக்கால் கொண்டுவரச் சொல்லுங்கள், பெல்ட் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன்.