ஆர்என்பி 10: 6.2 மணி நேரக் கணக்கில் எங்கே தப்பு செய்கிறேன்?

காகிதவிமானம்:
விமான டிஸ்பாட்சர் (தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடுபவர்) பரீட்சைக்குப் படிக்கிறேன், ஒரு மாதிரிக் கேள்வியில் இரண்டு நாளாகச் சிக்கி நிற்கிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலு. ஜிபிஎஸ் இல்லாத பழைய விமானம், இரண்டு ஐஆர்எஸ் (வெளி சிக்னல் இல்லாமல் விமானத்தின் அசைவை வைத்தே இடத்தைக் கணக்கிடும் கருவி) மட்டும். இப்படிப்பட்ட விமானத்துக்கு ஆர்என்பி 10-இல் (கடல் வழிகளில் கேட்கப்படும் வழித்துல்லிய விதி) 6.2 மணி நேரம்தான் வரம்பு. ஐஆர்எஸ்-ஐ நேவ் மோடில் (இடத்தைக் கணக்கிடத் தொடங்கும் நிலை) போட்ட பிறகு கேட்டிலும் டாக்ஸியிலுமாக 1 மணி 10 நிமிடம் போய்விடுகிறது, டேக்ஆஃப் ஆகி 5 மணி 10 நிமிடத்தில் ஆர்என்பி 10 பகுதி முடிகிறது. பறக்கும் நேரம்தானே கணக்கு, தாராளமாகப் போகலாம் என்று எழுதினேன். விடையில் 'போகக் கூடாது' என்று இருக்கிறது. சரி, தரையில் நின்றதையும் கூட்டினாலும் 6.20தானே வருகிறது?

வாடைக்காற்று:
6.2 என்பது 6 மணி 20 நிமிடம் இல்லை. பத்தில் இரண்டு பங்கு மணி, அதாவது 12 நிமிடம். நீங்கள் 8 நிமிடம் தாண்டிவிட்டீர்கள். (வெட்கப்பட வேண்டாம், நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான்.) தரையில் நின்ற நேரத்தைக் கூட்டத்தான் வேண்டும், நேவ் மோடில் போட்ட நொடியிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது, விமானம் சும்மா நின்றாலும் ஐஆர்எஸ் காட்டும் இடம் நிஜ இடத்திலிருந்து விலகிக்கொண்டேதான் இருக்கும்.

காகிதவிமானம்:
அட! அப்புறம் இன்னொன்று, இரண்டு ஐஆர்எஸ் இருக்கிறதே, ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்திக்கொள்ள முடியாதா?

பழைய பைலட்:
முடியாது தம்பி. தனித்தனியாக இயங்கும் இரண்டு கருவி கேட்பது, ஒன்று செத்தால் மற்றது கரை சேர்க்கட்டும் என்றுதான். இரண்டுமே விலகும், இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டினால் எது சரி என்று நடுக்கடலில் யாரைக் கேட்பாய்? 6.2 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். அனுமதிக்கப்பட்ட விலகல் மணிக்கு 2 கடல் மைல், அதில் பக்கவாட்டுப் பங்கு சுமார் 1.6. ஆர்என்பி 10 கேட்பது, பறக்கும் நேரத்தில் 95 சதவீதம் 10 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும் என்று. 10-ஐ 1.6-ஆல் வகுத்துப் பார்.

கரையோரம்:
என்னைக் கேட்டால் கேள்வியே அரைகுறை. கலிபோர்னியக் கரையை விடும்போது தானாகவே டிஎம்இ-டிஎம்இ அப்டேட் (தரையிலுள்ள தூரம் காட்டும் ரேடியோ நிலையங்களை வைத்து இடத்தைத் திருத்துவது) கிடைக்கிற, அதற்கு ஒப்புதலும் பெற்ற விமானம் என்றால் அங்கிருந்து புதுசாக 5.9 மணி எண்ணலாம். விஓஆர்-டிஎம்இ (திசையும் தூரமும் காட்டும் நிலையம்) என்றால் 5.7, கையால் திருத்தினால் 5.2.

காகிதவிமானம்:
கரையை 25-ஆவது நிமிடத்தில் தாண்டுவதாக வைத்தால் மிச்சம் 4 மணி 45 நிமிடம், எதை எடுத்தாலும் உள்ளே வருகிறது. ஆனால் கேள்வியில் அப்டேட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கரையோரம்:
அப்படியானால் பரீட்சைக்கு 'போகக் கூடாது' என்றே எழுதுங்கள்.

பழைய பைலட்:
நிஜத்தில் யாரும் இதற்காகப் பயணத்தை ரத்து செய்ய மாட்டார்கள். கேட்டில் இழுக்கும் என்று தெரிந்ததும் புறப்படுவதற்கு முன் ஐஆர்எஸ்-ஐ மறுபடி அலைன் செய்துவிடுவோம் (நிற்கும் இடத்திலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்க வைப்பது). சுமார் 10 நிமிடம் விமானம் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.