பதிபெட்டி: டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் கணினிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு மூலையில் சும்மா கிடந்த பென்டியம் 4 கணினியை இந்த வைகாசியில் டிவி பதியும் கருவியாக மாற்றினேன். காரணம் அம்மா. கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டால் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை மாலையில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். அந்த நாட்களில் அவர் பார்க்கும் நாடகம் தவறிப்போகும். பிறகு பக்கத்து வீட்டு மாமியிடம் கதை கேட்டுத்தான் விட்ட இடத்தை நிரப்புவார்.

டிவி அலையைப் பிடிக்கும் பழைய ரியூனர் அட்டை ஒன்று, 80 ஜிபி வன்தட்டு, லினக்ஸ், மித்டிவி என்ற பதியும் மென்பொருள். இவ்வளவும்தான். கருவி வேலை செய்கிறது. ஆனால் மெனு முழுக்க ஆங்கிலம், அம்மா வாசிப்பது தமிழ் மட்டும். அதனால் மெனுவைத் தமிழாக்கத் தொடங்கினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் டிவிஆர் (டிஜிட்டல் வீடியோ ரெக்கோடர்) என்னும் இந்தக் கருவிக்குத் தமிழில் பெயர் என்ன?

நம் சொல்லாக்கக் குழுவில் இதுவரை வந்தவை மூன்று: இலக்கமுறை நிகழ்படப் பதிவி, பதிவி, காட்சிப் பேழை. மூன்றையும் வீட்டில் வைத்துப் பார்த்தேன்.

முதல் சொல் பிழையில்லாத சொல்தான். ஆனால் அதில் இருக்கும் 'இலக்கமுறை' இன்று எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. டிஜிட்டல் என்பதை இலங்கையில் இலக்கமுறை என்போம், எண்ணிமம் என்பாரும் உண்டு. எப்படிச் சொன்னாலும் கைப்பேசி முதல் மின்மானி வரை எல்லாமே இலக்கமுறைதான். போதாததற்கு எங்கள் வீட்டு அன்ரனாவில் வந்து இறங்குவது அனலொக் அலை.

'நிகழ்படம்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது பிடி878 சில்லு உள்ள அட்டை. படம் அட்டையிலிருந்து நேரே கணினிக்குள் போய்விடும். ஒலி அப்படிப் போகாது. அட்டையின் பின்பக்கத் துளையிலிருந்து ஒரு சிறு வயரை எடுத்து, ஒலி அட்டையின் நீலத் துளையில் செருக வேண்டும். வயரைச் செருகினேன், ஆனால் மென்பொருளில் அந்த வழி மூடிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. முதல் இரவு இரண்டு மணி நேரம் படம் பதிந்தது, குரல் ஒரு சொல்கூட இல்லை. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கதை கேக்காம என்னத்த மனே பாக்கிற?" என்றார். அவருக்கு நாடகம் என்றால் பாதிக்கு மேல் காதால் கேட்பது. படத்தை மட்டும் சொல்லும் பெயர் இந்தக் கருவிக்குப் போதாது என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

இரண்டாவது சொல், பதிவி. உலாவி, செயலி போல அளவான சொல். எனக்கும் பிடித்திருந்தது. வீட்டில் வாயால் சொல்லிப் பார்த்தேன்: "அம்மா, பதிவி வேலை செய்யுது." அவர் குசினியிலிருந்து, "ஆருக்கு மனே பதவி?" என்று கேட்டார். மெல்லச் சொன்னாலும் வேகமாகச் சொன்னாலும் காதில் பதவிதான் விழுகிறது. எழுத்தில் மட்டும் வாழும் சொல்லாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வீட்டுக்குள் கூப்பிடும் சொல்.

பேழை அழகான சொல். ஆனால் திறக்காமல் பூட்டி வைக்கும் பொருளின் சாயல் அதில் உண்டு. இந்தக் கருவி இரவும் பகலும் வேலை செய்வது.

சரி, என்ன வைக்கலாம்? இந்தக் கருவி அப்படி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். டிவியைப் பதிவது புதிதல்ல. வீடியோ டெக் வைத்திருந்த வீடுகளில் கசெற்றைப் போட்டு அப்போதே பதிந்தார்கள். ஆனால் நாடாவில் எழுதி வாசிக்கும் தலை ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கும். எட்டு மணி நாடகம் பதிந்துகொண்டிருக்கும்போது அதன் தொடக்கத்தைப் பார்க்க வழியில்லை. முடியும்வரை காத்திருந்து, சுற்றிவிட்டுத்தான் பார்க்கலாம். வன்தட்டில் தலை வேண்டிய இடத்துக்குப் பாய்ந்து பாய்ந்து போகும். ஒரு கணம் இங்கே எழுதும், மறுகணம் அங்கே வாசிக்கும். அதனால் அம்மா எட்டரைக்குக் கோயிலால் வந்து எட்டு மணிக் காட்சியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம், கடைசிக் காட்சி அப்போதும் பதிந்துகொண்டே இருக்கும். நாளைக்கும் அடுத்த கிழமைக்கும் பதிய வேண்டியவற்றின் பட்டியலும் உள்ளே ஏற்கெனவே இருக்கும்.

பதிந்தது, பதிகிறது, பதியப்போவது. மூன்றும் ஒரே கருவிக்குள். தமிழில் மூன்று காலத்தையும் ஒரே சொல்லில் தாங்குவது வினைத்தொகை. ஆகவே என் முன்மொழிவு: பதிபெட்டி. பதிந்த பெட்டி, பதிகின்ற பெட்டி, பதியும் பெட்டி.

கணினித் தமிழில் நன்றாக நிலைத்த சொற்கள் பலவும் இந்த அச்சில்தான் வந்திருக்கின்றன. தேடுபொறி, இயங்குதளம், தொடுதிரை. யாரும் அவற்றை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'பதிப்பெட்டி' என்று எழுதினால் வினை போய்விடும், ஊரையோ தலைவனையோ குறிக்கும் பதி உள்ளே வந்துவிடும். தேடுபொறியைத் 'தேடுப்பொறி' என்று நாம் எழுதுவதில்லை அல்லவா, அதுபோல.

பதிதல் தன்வினை, பதித்தல்தான் பிறவினை என்று இலக்கணம் தெரிந்த ஒருவர் கேட்கக்கூடும். பேர் பதிந்தேன், முறைப்பாடு பதிந்தார்கள் என்று நாம் அன்றாடம் செயப்படுபொருளோடுதான் சொல்கிறோம். வழக்கில் அது வந்து வெகுகாலமாகிவிட்டது.

அடுத்தது, நிகழ்ச்சியை அது போகும் நேரத்தில் பார்க்காமல் நமக்கு வசதியான நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும் வேலை. 'காலப்பெயர்வு', 'நேர நகர்த்தல்' என்று இரண்டு வந்தன. இரண்டும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதியவை. நேரம் எங்கேயும் நகர்வதில்லை, நிகழ்ச்சிதான் காத்திருக்கிறது. நான் பிந்தி வரும் இரவுகளில் அம்மா மூடி போட்ட கோப்பையைக் காட்டி, "சோறு எடுத்து வெச்சிரிக்கன்" என்பார். அவர் எனக்குச் செய்வதைத்தான் இந்தப் பெட்டி அவருக்குச் செய்கிறது. எடுத்துவைத்தல் என்றே வைப்போம். மெனுவில் 'எடுத்துவை'. அதைப் பார்த்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அழுத்தினார்.

ஆங்கில மெனுவில் 'லைவ் டிவி' என்று ஒரு வரி உண்டு. 'நேரடி' என்று போட வேண்டாம் என்பது என் கருத்து. நமக்கு நேரடி என்றால் கிரிக்கெட், தேர்த் திருவிழா. நாடகம் நேரடி ஆகாது. "இப்ப என்ன போகுது?" என்றுதானே கேட்போம். இப்போது போவது என்று எழுதினேன். ரியூனருக்கு 'அலைதேர்வி' போதும், அதில் சண்டை வேண்டாம்.

கடைசியாக ஒன்றுக்கு உதவி வேண்டும். அட்டை தருவது சுருக்காத படம். 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படம், புள்ளிக்கு 2 பைட்டு என்று பெருக்கினால் நொடிக்கு 20 எம்பிக்கு மேல் வருகிறது, மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி. என் வன்தட்டு ஒரு மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். கணினி அதை நொடிக்கு 4 மெகாபிட்டுக்குச் சுருக்கினால் மணிக்கு 1.8 ஜிபி, நாற்பது மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். அதுவும் நிரம்பும்போது மென்பொருள் பழைய பதிவைத் தானே எடுத்துவிட்டுப் புதியதற்கு இடம் விடும். இதற்கு 'வான்பாய்தல்' என்று நினைத்தேன். மாரியில் உன்னிச்சைக் குளம் நிறைந்து மிகைநீர் வழிய வான்கதவு திறப்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கருத்து?

கல்லடியிலிருந்து

---

வணக்கம் அண்ணன்.

நான் கல்முனையில் கண்காணிப்புக் கமரா பூட்டும் வேலை செய்கிறவன். பதிபெட்டி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் கடைத்தெருவில் 'டிவிஆர்' என்றால் டிவி பதிகிற சாமான் இல்லை, கமராவின் பெட்டிதான். நகைக்கடைக்காரரிடம் பதிபெட்டி என்று சொன்னால் அவருக்கும் விளங்கும், உங்கள் அம்மாவுக்கும் விளங்கும். ஆனால் இரண்டு பேருக்கும் விளங்குவது வேறு வேறு. என்ன செய்வது?

> இதற்கு 'வான்பாய்தல்' என்று நினைத்தேன்

இது வேண்டாம் அண்ணன். எங்கள் வீட்டில் வயல் செய்கிறவர்கள். வான் பாய்கிற தண்ணி மேல்தண்ணி, பெரும்பாலும் புதிதாக வந்து சேர்ந்த தண்ணி. பெட்டியில் போவது பழசு. அதோடு, வான் பாய்ந்தால் கீழே வயல் வைத்திருக்கிறவனுக்கு நெஞ்சு பதறும். பெட்டி செய்வது ஒழுங்கான வேலை, அதற்கு வெள்ளத்தின் பெயர் வைக்கக் கூடாது. கமராப் பெட்டியிலும் இதே வேலை இருக்கிறது. "பழசு கழிஞ்சுதான் புதுசு ஏறும்" என்றுதான் நான் ஆட்களுக்குச் சொல்வேன். பழையன கழித்தல் என்று வைத்தால் என்ன? எல்லோர் வாயிலும் இருக்கிற தொடர்தானே.

இன்னொன்று. கரண்ட் போய் வந்தால் பெட்டி தானே எழும்புகிறதா? எழும்பாவிட்டால் எடுத்துவைத்தல் இல்லை. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸில் 'மின் வந்ததும் தொடங்கு' என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டு விடுங்கள்.

---

தம்பிக்கு நன்றி.

வான்பாய்தலை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன பிறகுதான் குளத்தை நான் கரையில் நின்று மட்டும் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. பழையன கழித்தல் மெனுவில் ஏறிவிட்டது.

கமராவையும் டிவியையும் பிரிக்க வேண்டிய இடத்தில் 'கமராப் பதிபெட்டி', 'டிவிப் பதிபெட்டி' என்று முன்னால் ஒரு சொல் சேர்ப்போம். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் பதிபெட்டி போதும், அங்கே இருப்பது ஒன்றுதான். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் ஒரே பெயர் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல் ஆக்குவது நமக்குப் புதிதுமல்ல. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் உங்களுக்குப் பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர். நகைக்கடையில் நீங்கள் சொல்லும் சொல்லும் எங்கள் வீட்டில் அம்மா அழுத்தும் சொல்லும் ஒன்றாக இருந்தால் எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

பயோஸ் அமைப்பைப் போட்டேன். நேற்று மாலை மின் போய் ஒரு மணி நேரத்தில் வந்தது. பெட்டி தானே எழும்பி எட்டு மணிக்குப் பதியத் தொடங்கியிருந்தது. அம்மா வந்து 'பதிந்தவை' என்ற வரிக்குப் போய், தானே எடுத்துப் பார்த்தார்.

முடிந்ததும் ஒரு சிக்கல். கடைசியில் 'அழி' என்று கேட்கிறது. அம்மா அந்தச் சொல்லைப் பார்த்ததும் ரிமோட்டை என்னிடம் தந்துவிட்டார். "நான் அழிக்க மாட்டன்" என்கிறார். 'பார்த்து முடிந்தது' என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பாதி பார்த்துவிட்டு வேண்டாம் என்று விடுகிறவருக்கு அது பொருந்தாது. வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள். மெனுக் கோப்பில் அந்த வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.

கல்லடியிலிருந்து