டீ பார்ட்டி போல ஒன்று வட ஆற்காட்டில் ஏன் கிளம்புவதில்லை?

பாலாற்றங்கரை, குடியாத்தம் (கேள்வி):

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் டீ பார்ட்டி என்ற பழமைவாத மக்கள் இயக்கம் பற்றி ஒரு சந்தேகம் விடாமல் அரிக்கிறது. 2009இல் அரசின் செலவையும் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களுக்கு ஒரே தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் அடுத்த ஆண்டே அவர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சி நாடாளுமன்றக் கீழவையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. மரபையும் மதத்தையும் காக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நம் பக்கம் பஞ்சமா? கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரையே திரட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களால் ஒரு கட்சியின் வட்டச் செயலாளரைக்கூட மாற்ற முடிவதில்லை. ஏன்?

காட்பாடி ஜங்ஷன்:

தம்பி, ஆள் சேர்ப்பதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேர்ந்த ஆட்கள் எங்கே போய் நிற்பது என்பதில்தான் சிக்கல்.

அங்கே ஒரு தொகுதியில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தொகுதிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். பிரைமரி என்பார்கள். அதற்கு வருகிற கூட்டம் சிறிது. 2014 ஜூனில் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர் தோற்றதைப் படித்திருப்பீர்கள். கீழவையில் குடியரசுக் கட்சிக்கே தலைவராக இருந்தவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். அவரைச் சொந்தக் கட்சியின் பிரைமரியிலேயே வீழ்த்தியவர் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர். டீ பார்ட்டி பெயரில் இயங்கிய பெரிய அமைப்புகள்கூட அவரை நம்பிப் பணம் இறக்கவில்லை. உள்ளூர்க் குழுக்களும் வானொலிப் பேச்சாளர்களும்தான் பக்கபலம். விழுந்த மொத்த ஓட்டே சுமார் 65,000. நம் அணைக்கட்டு சட்டமன்றத் தொகுதியில் விழுவதில் பாதிகூட இல்லை.

இங்கே விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, நேர்காணலுக்குச் சென்னை போய், சலவை வேட்டி கசங்காமல் வரிசையில் நின்று திரும்புவார்கள். பட்டியல் வெளிவரும் நாளில்தான் தொகுதிக்கே பெயர் தெரியும். கீழே எத்தனை பேர் கொதித்தாலும் அந்தப் பட்டியலுக்குச் சூடு ஏறாது.

அதனால் நம் பக்கத்துப் பழமைப் பற்று கட்சியைச் சுற்றிக்கொண்டு கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம், தெரு என்று வேறு வழியில் போகிறது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலையே பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மூலவர் இல்லாத கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்ததால் புதிதாக வழிபாடு தொடங்கக் கூடாது என்பது விதி. 1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கருவறையில் வைத்துவிட்டார்கள். நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். இந்தக் கோப்பு யார் தலையில் விழப்போகிறது என்று ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று ஆட்சியில் இருந்தவர் எம்.ஜி.ஆர். பிறகு எத்தனையோ ஆட்சிகள் மாறிவிட்டன. லிங்கம் அங்கேயே இருக்கிறது, பூஜை நடக்கிறது. ஒரு வேட்பாளரையும் மாற்றாமல் சாதித்த காரியம் இது. அதை அரசியல் செல்வாக்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

ராணிப்பேட்டை டீச்சர்:

காட்பாடி அண்ணன் பிரைமரியோடு நிறுத்திவிட்டார். டீ பார்ட்டிக்கு வெகுமுன்பே இதைச் செய்து காட்டியவர்கள் இல்லத்தரசிகள். ஆண் பெண் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். முதல் ஓராண்டிலேயே 30 ஒப்பிவிட்டன. ஃபில்லிஸ் ஷ்லாஃப்ளி என்ற அம்மையார் அதை எதிர்த்துக் கிளம்பினார். அவருடைய தொண்டர்கள் வீட்டில் சுட்ட ரொட்டியையும் ஜாமையும் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எண்ணிக்கை 35இல் நின்றது. 1982 ஜூன் 30உடன் கெடுவும் முடிந்தது. 1940 முதல் அந்தத் திருத்தத்தை ஆதரித்துவந்த குடியரசுக் கட்சி 1980 தேர்தல் அறிக்கையில் அதைக் கைவிட்டது. ஒரு கட்சியின் நாற்பதாண்டுக் கொள்கையையே மாற்றிவிட்டார்கள், தம்பி. தேர்வில் எழுத இதுதான் நல்ல உதாரணம்.

பெண்ணுக்கு வீடே பெருமை என்று ஊர் ஊராகப் பேசிய அந்த அம்மையார் இரண்டு முறை கீழவைக்குப் போட்டியிட்டவர். இந்தப் போராட்டத்தின் நடுவிலேயே சட்டப் பட்டமும் வாங்கினார். எனக்கு அவருடைய கொள்கை கொஞ்சமும் ஒப்பாது. அந்த உழைப்பை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

ஒடுகத்தூர் காளை:

எங்கள் மாடு விடும் விழாவை விட்டுவிட்டீர்களே! மதுரைப் பக்கம் போலத் திமிலைப் பிடிக்கிற விளையாட்டு இல்லை இது. தெருவின் இரு பக்கமும் தடுப்புக் கட்டி, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கிற காளைக்குப் பரிசு. கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி, வாடிக்குக் கொண்டுவரும்போது வீட்டுப் பெண்கள் அதன் காதில் ஏதோ சொல்லி அனுப்புவார்கள். 2014 மே மாதத் தீர்ப்பால் வந்த தடை, 2017 ஜனவரியில் மக்கள் தெருவில் உட்கார்ந்த பிறகு உடைந்தது. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் இதைப் பழமைவாதம் என்று எங்கள் ஊரில் வந்து சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

வாணியம்பாடி பாய்:

காட்பாடி ஐயா சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பிரைமரி இல்லாவிட்டாலும் ஓட்டு வித்தியாசம் சிறிதாக இருந்தால் எங்கள் குரல் மேலே கேட்கும். 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் பணப் பறிமுதலால் ரத்தாகி ஆகஸ்ட் 5க்குத் தள்ளிப்போனது. அதற்குச் சில நாள் முன்னால் முத்தலாக் மசோதாவை மக்களவையில் அதிமுக உறுப்பினர் ஆதரித்துப் பேசினார். மாநிலங்களவைக்கு வந்தபோது அதே கட்சி ஆதரவு தரவில்லை. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், இங்கே ஜமாத்துகளில் எழுந்த கோபம் சென்னை வரை எட்டியது என்பதே என் கணிப்பு. மார்க்கச் சட்டத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்கிற பெரியவர்களின் கோபம் அது. என் அக்காவே அந்த மசோதாவை ஆதரித்தார். வீட்டுக்குள் பெரிய வாக்குவாதம். திமுகவின் கதிர் ஆனந்த், அதிமுக கூட்டணியின் ஏ.சி. சண்முகத்தை 8,141 ஓட்டில் வென்றார். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மூன்றிலும் அவர் முன்னிலை. மற்ற மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் பின்தங்கினார்.

2024இல் அதே தொகுதியில் அதே இருவர் மோதினார்கள். கதிர் ஆனந்தே மறுபடியும் வென்றார், வித்தியாசம் 2,15,702. இப்போது எங்கள் ஜமாத் செயலாளர் போன் செய்தால் கட்சிக்காரர்கள் சாவகாசமாகத் திரும்ப அழைக்கிறார்கள்.