மெடலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நான்: நம் குடும்பக் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். தாத்தா இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விவரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் காமன்வெல்த் படையினரின் விவரம் இருக்கிறது. ஆனால் அது இறந்தவர்களுக்கு மட்டும். காயத்தோடு வீடு திரும்பியவரை அங்கே தேடிப் பயனில்லை. அவருடைய படை எண்ணும் கம்பெனியும் தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். யாரிடம் என்ன இருக்கிறது?

சித்தி: மாமாவின் டிரங்குப் பெட்டி எங்கள் பரண் மேல்தான் இருக்கிறது. காகிதம் எல்லாம் செல்லரித்துவிட்டது. மெடல்கள் மட்டும் ஒரு துணியில் முடிந்து கிடக்கின்றன.

நான்: சித்தி, தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இந்தியப் படைக்குக் கொடுத்த மெடல்களில் எண், பதவி, பெயர் எல்லாம் வெட்டியிருப்பார்கள். வட்ட மெடல் என்றால் ஓரத்தில் இருக்கும், நட்சத்திரம் என்றால் பின்பக்கம். தேய்த்தால் அது மழுங்கிவிடும். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். ரிப்பன் இருந்தால் அதையும்.

பெங்களூர் அண்ணன்: தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர் என்றுதானே ஊரில் சொல்வார்கள்?

பெரியப்பா: ஊரில் யார் பட்டாளத்துக்குப் போனாலும் பர்மா என்றுதான் சொல்வார்கள். அப்பா வாயால் பர்மா என்று நான் கேட்டதில்லை. கப்பலில் போனது, மணல், பிறகு பனி, இதைத்தான் சொல்வார்.

அத்தை: ஆமாம் அண்ணா. மலை உச்சியில் ஒரு பெரிய சாமியார் மடம் இருந்தது, அதை விமானம் விமானமாக வந்து குண்டு போட்டு இடித்தார்கள், நாங்கள் அந்த மலையிலேயே படுத்திருந்தோம் என்று சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளைக்கார ஆபீசர் எல்லோரையும் தம்பி, தம்பி என்று கூப்பிடுவாராம், அதைச் சொல்லும்போது சிரிப்பார்.

நான்: அத்தை!! நீங்கள் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா. அது இத்தாலியில் இருக்கும் மான்டே காசினோ மடமாகத்தான் இருக்க வேண்டும். 1944 பிப்ரவரி 15 அன்று 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் அதன் மேல் குண்டு போட்டன. அப்போது அந்த மலை முகட்டில் இருந்தது நான்காவது இந்திய டிவிஷன். நம் ஆட்கள் சிலரும் அந்தக் குண்டுகளிலேயே அடிபட்டார்கள். தம்பி என்று கூப்பிடுவது மெட்ராஸ் சாப்பர்களை, அதாவது படையின் பொறியியல் பிரிவு ஆட்களை. அந்த டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்களின் 12-வது ஃபீல்டு கம்பெனி இருந்தது. பாதை வெட்டுவது, பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. இந்திய சாப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும் சேர்ந்து அந்த மலையில் டாங்கி ஏறுகிற அளவுக்கு ஒரு ரோடே போட்டார்கள். மணல் என்று பெரியப்பா சொன்னதும் பொருந்துகிறது, இத்தாலிக்கு முன்னால் அந்த டிவிஷன் எகிப்திலும் துனிசியாவிலும் இருந்தது.

சித்தி: ஒரு நட்சத்திரத்தில் ரிப்பன் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஓரங்களில் சிவப்பு, பிறகு வெள்ளை, நடுவில் பச்சை. பின்பக்கம் எழுத்து இருக்கிறது, என் கண்ணுக்குத் தெரியவில்லை, பேரன் வந்ததும் படிக்கச் சொல்கிறேன்.

நான்: அது இத்தாலி ஸ்டார், சித்தி. பர்மா ஸ்டார் என்றால் கருநீலமும் ஆரஞ்சும் இருக்கும்.

பெங்களூர் அண்ணன்: அப்படியானால் இங்கே அல்சூரில் இருக்கிற எம்.இ.ஜி.தான் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) இடம். மெட்ராஸ் சாப்பர்களின் ரெக்கார்டு ஆபீஸ் அங்கேதான். நான் நேரில் போய்க் கேட்கட்டுமா?

நான்: எண் கிடைத்ததும் போங்கள் அண்ணா. எண் இல்லாமல் போனால் ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். இன்னொரு கேள்விதான் முக்கியம். தாத்தா பென்ஷன் வாங்கினாரா? பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் தாள்களை 25 ஆண்டுகள் கழித்து அழித்துவிடலாம் என்பது படையின் விதி. லாங் ரோல் என்கிற பெரிய பதிவேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும். அதில் காயத்தின் கதை எல்லாம் இருக்காது.

பெரியப்பா: பென்ஷன் இல்லை. மொத்தமாக ஏதோ பணம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை: இல்லை அண்ணா, வாங்கினார். நீங்கள் அப்போது ஹாஸ்டலில் இருந்தீர்கள். மாதம் ஒரு நாள் வேட்டி மாற்றிக்கொண்டு டிரஷரிக்குப் போவார், திரும்பி வரும்போது எனக்குக் காராபூந்தி வரும். தொகை சின்னதுதான். அந்தக் கால் மடங்கவே மடங்காது, பந்தியில் சம்மணம் போட முடியாமல் ஓரமாக நீட்டிக்கொண்டு உட்காருவார். அதற்காகக் கொடுத்த பென்ஷன் என்று அம்மா சொல்வாள்.

பெரியப்பா: நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பட்டாளத்துக் காசு என்று ஒன்று வீட்டில் பேசிக்கொள்வார்கள், இதுதான் போலிருக்கிறது.

நான்: அப்படியென்றால் ஊனப் பென்ஷன். அதற்கு மெடிக்கல் போர்டு உட்கார்ந்து, எந்தக் காயம், எங்கே பட்டது, எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: ஷீட் ரோல் (அவருடைய சர்வீஸ் தாள்), மெடிக்கல் போர்டு அறிக்கை, பென்ஷன் ஆர்டர். சும்மா "விவரம் வேண்டும்" என்று எழுதினால் ஒரு வரியில் பதில் போட்டுவிடுவார்கள். போன வருடம் ஒரு அலுவலகத்தில் 1947-க்கு முந்தையது எதுவும் கிடையாது என்று தலையைக் கூட நிமிர்த்தாமல் சொன்னார்கள், எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

சித்தப்பா: லண்டனில் எல்லாம் இருக்கும் என்கிறார்களே?

நான்: கம்பெனியின் போர் நாட்குறிப்பு லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். கம்பெனி அன்று எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்று நாள்வாரியாக இருக்கும். ஆனால் சித்தப்பா, அதில் அதிகாரி காயம்பட்டால் பெயர் போடுவார்கள், நம் தாத்தா மாதிரி சிப்பாய் என்றால் பெரும்பாலும் "இந்தியச் சிப்பாய்கள் 2, காயம்" என்று எண்ணிக்கைதான். மெடிக்கல் போர்டு தாளில் காயம்பட்ட தேதி கிடைத்தால், அந்தத் தேதியை நாட்குறிப்பில் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தால்தான் கதை முழுதாகும். அதனால் முதலில் பெங்களூர், பிறகு லண்டன்.

பெங்களூர் அண்ணன்: விண்ணப்பம் யார் பெயரில்?

நான்: பெரியப்பா பெயரில் போடலாம், மூத்த மகன். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பெரியப்பாவின் ஆதார் நகல் வைப்போம். கூடவே தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு. மகன் கையெழுத்தில் போவதற்கும் பேரன் பேத்தி கையெழுத்தில் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதனால்தான் இப்போதே செய்ய வேண்டும் என்று இவ்வளவு நச்சரிக்கிறேன்.

பெரியப்பா: எழுதி அனுப்பு கண்ணு, கையெழுத்துப் போடுகிறேன். அப்பா எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றும் கேட்டு எழுது. வீட்டுக்குக் கடிதம் வராமல் அவருடைய அம்மா நடைபிணமாக இருந்தாராம்.

சித்தி: பேரன் வந்துவிட்டான். எண் தெளிவாக இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் எஸ்.பி.ஆர். என்று இருக்கிறதாம். போட்டோ அனுப்புகிறான்.

நான்: எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், சித்தி! அண்ணா, இன்றிரவே விண்ணப்பத்தை எழுதிவிடுகிறேன். பிரிண்ட் எடுத்துப் பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்க வார இறுதியில் ஊருக்கு வர முடியுமா?

பெங்களூர் அண்ணன்: சனிக்கிழமை காலை பஸ். அத்தை, நீங்களும் வந்துவிடுங்கள், தாத்தா சொன்னதையெல்லாம் போனில் ரெக்கார்டு பண்ண வேண்டும்.