மேலத்தெரு குடும்பம்: சித்தப்பா சைக்கிள் முன்வீல்

சரோஜா சித்தி: சித்தப்பா படுத்து ஓட்டுற சைக்கிள்ல முன்வீல் ரிம் கோணிப்போச்சு. 20 இஞ்ச் ரிம் இல்ல, 24 வீலும் ஃபோர்க்கும் போட்டுத் தரேங்குறாரு கடைக்காரரு. போடலாமா? ஆடி 18க்கு படித்துறைக்குப் போகணுமாம்

ராஜு மாமா: தாராளமா போடு. பெரிய வீல் பள்ளத்துல குதிக்காது

செந்தில்: சித்தி வேணாம், நிறுத்தச் சொல்லுங்க

கலா அத்தை: ஆத்துல தண்ணி வந்துடுச்சா?

வித்யா அண்ணி: வந்துடுச்சு அத்தை

செந்தில்: மாமா சொல்றது சரி, பள்ளத்துக்குப் பெரிய வீல் நல்லதுதான். ஆனா 24 வீலோட ஆரம் 5 செ.மீ கூட. ஃபோர்க்கும் கிட்டத்தட்ட அதே அளவு நீளும். முன்பக்கம் மொத்தம் 10 செ.மீ தூக்கிக்கும். சித்தப்பா சைக்கிள்ல அச்சுக்கு அச்சு 1050 மி.மீ, அதனால வண்டி முழுசும் 5 டிகிரி பின்னாடி சாயும். ஹெட் டியூப், அதான் ஃபோர்க் திரும்புற குழாய், அதோட சாய்வு 70 டிகிரிலேர்ந்து 65 ஆயிடும். அந்தக் குழாயோட கோட்டைத் தரைவரைக்கும் நீட்டினா அது தொடுற இடத்துக்கும் டயர் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். இப்ப 45 மி.மீ. அப்புறம் 90ஐத் தாண்டும்

பாபு: அண்ணே கூடினா நல்லதா கெட்டதா

செந்தில்: வேகமா நேரா போக நல்லது. மெதுவா திரும்பும்போது ஹேண்டில் தானா மடங்கும், அந்த இழுப்பு ரெண்டு மடங்குக்கு மேல. வாய்க்கால் கரையில ஆள் நடக்குற வேகத்துல திரும்பினா உள்ள இழுத்துடும். பெடல் வேற 10 செ.மீக்கு மேல ஏறும். திருப்புனா குதிகால் டயர்ல இடிக்கும்

சரோஜா சித்தி: ஐயோ இடுப்பு வலிக்குத்தானே இந்த சைக்கிளே

ராஜு மாமா: பின்னாடியும் 28 போட்டா சமமாயிடுமே

செந்தில்: 2 டிகிரிதான் திரும்பி வரும் மாமா. கியர் 12 சதவீதம் கனமாயிடும். பாலத்து ஏத்தத்துல முழங்கால் கேட்காது

ராஜு மாமா: பம்ப்செட்டுக்கும் இப்படித்தான் கணக்கு சொன்னே

கலா அத்தை: பம்ப்செட் பேச்சு எடுத்தா வாய்க்கா மாமர பங்கும் பேசணும் ராஜு

வித்யா அண்ணி: 🙏🙏 நல்ல நாள் வருது

சரோஜா சித்தி: அப்ப என்ன வாங்கறது செந்திலு

செந்தில்: இதே 20 இஞ்ச்தான், சின்னப் பசங்க சைக்கிள் கடையில 406 ரிம் கிடைக்கும் (டயர் உட்காருற இடத்துல விட்டம் 406 மி.மீ). மூணு விஷயம் பாருங்க. டயர் ஓரத்துல 406னு இருக்கணும். 20×1 3/8னு இருந்தா அது 451, அதுவும் 20தான், ஆனா ரிம் ஆரம் 22 மி.மீ பெருசு, பிரேக் கட்டை எட்டாது. ரிம்ல ஓட்டை எத்தனைன்னு பழைய ஹப்புல, அதான் வீலோட நடு உருளையில, எண்ணிட்டு வாங்குங்க. பழைய ஸ்போக் கம்பி நீளம் சேரலேன்னா புதுசா வெட்டச் சொல்லுங்க, இழுத்து மாட்ட விடாதீங்க

செந்தில்: மாமா கேட்ட பள்ளத்துக்கு, டயர் அகலத்தை மட்டும் 1.5 இஞ்ச்லேர்ந்து 1.75 ஆக்கலாம். காத்து 40-45 பி.எஸ்.ஐ போதும். டிரெயில் 4 மி.மீதான் கூடும், கை உணராது. ஆனா மட்கார்டுக்கும் டயருக்கும் இப்ப 15 மி.மீ சந்து இருக்கான்னு பாருங்க

பாபு: மயிலாடுதுறையில கேட்கவா?

ராஜு மாமா: கும்பகோணத்துல மலிவு

கலா அத்தை: காப்பரிசி யார் செய்யறா? போன வருஷம் எனக்குச் சொல்லவே இல்ல

வித்யா அண்ணி: நான் அரிசி ஊற வைக்கிறேன் அத்தை, நீங்க வெல்லம் மட்டும்

சரோஜா சித்தி: ஹப்புல 36னு எண்றாரு சித்தப்பா. மறுபடி எண்ணினா 35ங்குறாரு

செந்தில்: 35 வராது சித்தி, ரெட்டைப்படையாத்தான் இருக்கும். வால்வ் ஓட்டைக்கிட்ட ஆரம்பிச்சு ரிம்ல எண்ணச் சொல்லுங்க. பாபு, எண்ணிக்கை தெரியாம கிளம்பாதே

பாபு: பஸ் ஏறிட்டேன்ணே