புதுப்பிப்பு: மார்பக அறுவைக்குப் பின் அம்மாவுக்குக் கீமோதெரபி தேவைப்படவில்லை

பினாங்கில் 61 வயதான என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க் கட்டியை மட்டும் அகற்றிய பிறகு கீமோதெரபியும் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

கட்டி 1.8 சென்டிமீட்டர், அக்குள் நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு (அந்த ஹார்மோனால் வளரக்கூடிய வகை), புற்றுநோயை வேகமாக வளர்க்கும் ஹெர்2 புரதம் மிகுதியாக இல்லை. இந்நிலையில், கீமோதெரபியால் பலன் இருக்குமா என்று கணிக்க உதவும் ஆன்கோடைப் டிஎக்ஸ் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கும்படி ஒரு சகோதரி எழுதியதே எங்களுக்கு உதவியது. அகற்றிய கட்டியின் திசுவிலேயே 21 மரபணுக்களை ஆராய்வதால் அம்மாவுக்கு மீண்டும் எந்த வலியும் இல்லை. ஆனால் மாதிரி அமெரிக்கா செல்ல வேண்டியிருப்பதால் செலவு அதிகம், அந்தக் காத்திருப்பும் மிகவும் கடினமானது. நோய் திரும்பும் அபாயத்தை 0 முதல் 100 வரை காட்டும் அதன் மதிப்பெண் 17 வந்தது. 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில், 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்ற, 50 வயதைக் கடந்த பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சையோடு கீமோதெரபியைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் காணப்படவில்லை என்று மருத்துவர் விளக்கினார். 50 அல்லது அதற்கும் குறைந்த வயதினருக்கு 16 முதல் 25 வரையிலான மதிப்பெண்ணில் ஓரளவு பலன் தெரிந்ததால், அவர்கள் எங்கள் முடிவை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

மார்பகத்தை முழுமையாக அகற்றாததால் கதிர்வீச்சு அவசியம் என்றார்கள். அதுவும் நல்லபடியாக முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று: ஹார்மோன் சிகிச்சைக்கான லெட்ரோசோல் மாத்திரை எலும்பைப் பலவீனமாக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே எடுத்த, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் அம்மாவுக்கு அது ஏற்கெனவே குறைந்திருந்தது. இப்போது கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.