அரைச்சான்றா, அரைநிரூபணமா?

ஐயா, வணக்கம்.

பழைய ஐரோப்பியச் சட்டத்தின் லத்தீன் கலைச்சொல்லான ‘செமிபிளேனா புரொபாசியோ’வுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘அரைச்சான்று’ எனக்கு ஒப்பவில்லை. சான்றில் குறை ஏதும் இல்லையே. கண்ணால் பார்த்தவர், நாணயமானவர், ஆனால் ஒரே ஆள். புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் 1532ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டமான கரோலினாவின் 30ஆம் பிரிவு, அப்படிப்பட்ட ஒற்றைச் சாட்சியைத்தான் பாதி என்கிறது. அதைக் கொண்டு தண்டிக்க முடியாது. சித்திரவதை செய்து விசாரிக்கலாம். தண்டிக்க இரண்டு சாட்சி வேண்டும், இல்லையேல் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். கொலை நடந்த வேளையில் இரத்தம் தோய்ந்த உடுப்போடு ஒருவனைக் கண்டார்கள் என்றாலும் (33ஆம் பிரிவு) இதே கதைதான். ஆக, பாதியில் நிற்பது நிரூபணம்.

இதை ரோமானியர் தலையில் கட்டவும் வேண்டாம். ஒற்றைச் சாட்சியைக் கேட்கவே கூடாது என்றார் பேரரசர் கான்ஸ்டன்டைன். அதை ‘அரை’ என்று அளந்தவர்கள் இடைக்கால இத்தாலியச் சட்ட உரையாசிரியர்கள். கரோலினாவுக்கு முன்மாதிரியான 1507 பாம்பெர்க் சட்டத்தை வகுத்த ஷ்வார்ட்சென்பெர்க்குக்கு லத்தீனே தெரியாது. சட்டம் படிக்காத ஊர்த் தீர்ப்பாளர்களுக்கு விளங்கவேண்டும் என்பதுதான் அவர் கவலை. கரோலினாவும் ‘ஹால்ப் பெவைசுங்’ (பாதி நிரூபணம்) என்று பச்சை ஜெர்மனில்தான் எழுதியது. நம் வேலையும் அதுதானே?

‘அரைமெய்ப்பு’ அழகுதான். ஆனால் ‘மெய்ப்பு’ என்ற சொல்லை அச்சகத்தார் பிழைதிருத்தும் படிக்கு எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். பாதி பிழைதிருத்திய படி என்றுதான் எனக்குப் படுகிறது. நிரூபணத்துக்கு இலங்கை வழக்கான ‘எண்பிப்பு’ நல்ல சொல், ஆனால் ‘அரையெண்பிப்பு’ என்றதும் கண் ‘அரையெண்’ணில் தடுக்கிவிழுகிறது. வடமொழி என்று அடிக்க வராதீர்கள், என் ஓட்டு ‘அரைநிரூபண’த்துக்கே.

‘பகுதி நிரூபணம்’ ஏன் ஆகாது? பிரான்சின் துலூஸ் நீதிமன்றத்தில் கால், அரைக்கால் நிரூபணக் கணக்கெல்லாம் செல்லுபடியாகிறது என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் நையாண்டி செய்தார். வதந்திகளைக் கூட்டிக் கூட்டி முழுசாக்கிவிடுவார்களாம். ‘பகுதி’யை வைத்துக்கொண்டு அந்தக் கேலியை எப்படி மொழிபெயர்ப்பது? நமக்கோ கால்நிரூபணம், அரைக்கால்நிரூபணம் என்று வாய்ப்பாட்டிலிருந்தே வந்துவிடுகிறது!

ஒருவன்மேல் சந்தேகம் கொள்ள இடம்தரும் அறிகுறியைச் சொல்லும் லத்தீன் சொல்லான ‘இந்திசியம்’ பற்றி ஒரு வரி. ‘தடயம்’ வேண்டாம், ‘ஐயக்குறி’ என்று வையுங்கள். ஊரில் ஒருவனுக்குள்ள கெட்ட பெயரையும் கரோலினாவின் 25ஆம் பிரிவு அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. கெட்ட பெயருக்கு ஏது தடயம்?